கேழ்வரகுக்கு இடம் இருக்கிறதா, அடுப்படியில்?

போகிக்கு இன்னும் மூன்று வாரங்கள்தான். தருமபுரி மாவட்டத்து ஊர்களில் ஒட்டடை அடிப்பதும் சுண்ணாம்பு பூசுவதும் தொடங்கிவிட்டன. இதே மாவட்டத்தில்தான் 2023-ஆம் ஆண்டு, ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு நீலகிரியோடு சேர்த்துத் தொடங்கப்பட்டது. வீட்டை ஒதுங்க வைப்பது ஒரு வேலை, கேழ்வரகு சமைப்பது வேறு வேலை என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அடுப்படிக்குள் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரிகின்றன.

பையோடு கிடக்கும் தானியம்

பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம் பக்கத்து வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் அடுப்படியை ஒரு பார்வை பார்ப்பது என் வழக்கம். ரேஷன் கேழ்வரகு பல வீடுகளில் பையோடு அப்படியே கிடக்கிறது. அலமாரிக்கு அடியில், மாவு டின்னுக்குப் பின்னால், சில வீடுகளில் கட்டிலுக்குக் கீழே. மாட்டுக்குக் காய்ச்சி ஊற்றிவிட்டோம் என்றவர்கள் உண்டு. கோழிக்கு இறைத்துவிட்டோம் என்றவர்களும் உண்டு.

இவர்கள் கேழ்வரகை வெறுப்பவர்கள் அல்லர். ‘கேவுரு களி தின்னு வளந்த ஒடம்பு சாமி இது’ என்று அறுபது வயதைக் கடந்த ஒரு பெண் பெருமையாகவே சொன்னார். அப்புறம் ஏன் சமைப்பதில்லை என்று கேட்டால் முதலில் வரும் பதில், ‘நேரம் இல்லை’. இன்னும் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தால் அடுத்த பதில் வரும்: ‘எடம் எங்க இருக்குது?’ இந்த இரண்டாவது பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

கேழ்வரகு அரிசியைப் போல அல்ல. அரிசியைக் களைந்து குக்கரில் போட்டால் கால் மணி நேரத்தில் சோறு. கேழ்வரகைப் புடைக்க வேண்டும், கல் பொறுக்க வேண்டும், கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும். மில்லுக்குத் தூக்கிப் போய் அரைத்து, ஆற வைத்து, சலித்து டப்பாவில் அடைக்க வேண்டும். களி கிண்ட அடி கனத்த பாத்திரம் வேண்டும், நல்ல துடுப்பு வேண்டும். கொதிக்கும் பாத்திரத்தைத் தரையில் இறக்கி, அசையாமல் பிடித்து, கட்டி தட்டாமல் கிண்ட ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத் தரை வேண்டும். புடைக்க வாசல் வேண்டும், காய வைக்கத் திண்ணையோ மாடியோ வேண்டும்.

அந்தத் தரையும் திண்ணையும் இப்போது யாரிடம் இருக்கின்றன? கதவு போன பீரோவிடம், ஓடாத கிரைண்டரிடம், மூட்டை கட்டிய பழைய துணிகளிடம்.

போன வருடம் என் அம்மாவின் அடுப்படியை நானும் என் தங்கையும் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து ஒழித்தோம். ரப்பர் வளையம் போன குக்கர் மூன்று. மூடி இல்லாத மிக்சி ஜார் ஐந்து. பாத்திரச் சீட்டில் எடுத்து, ஒட்டிய காகிதம்கூடக் கிழிக்காத எவர்சில்வர் அடுக்கு இரண்டு. ஐஸ்கிரீம் டப்பா மட்டும் நாற்பதுக்கு மேல். எல்லாவற்றுக்கும் அடியில் களி கிண்டும் துடுப்பு கிடந்தது. ஒரு பக்கம் கரையான் தின்றிருந்தது. அம்மா அதை எடுத்துத் துடைத்துக்கொண்டே, ‘இது இருந்தா கிண்டியிருப்பேன்ல’ என்றாள். துடுப்பு அத்தனை காலமும் அங்கேதான் இருந்தது.

சைவம் என்று எதைச் சொல்கிறேன்

களியும் கூழும் என்று நான் பேசுவது சைவச் சமையலைத்தான் என்பதால், ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சைவச் சமையல் என்றவுடன் சிலருக்குச் சாதி நினைவுக்கு வருகிறது, சிலருக்கு விரதம் நினைவுக்கு வருகிறது. யார் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று உத்தரவு போடும் பேச்சு அல்ல இது. முட்டையும் மீனும் சாப்பிடும் வீடுகள் தாராளமாகச் சாப்பிடட்டும். ரத்தம் குறைந்த பெண்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் அவை நல்லவையே.

நான் சொல்வது தருமபுரி மானாவாரிக் காட்டின் அன்றாடச் சாப்பாட்டை. இங்கே கறி என்பது பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் என்று இருந்தது. மற்ற நாளெல்லாம் களி, கம்பங்கூழ், சாமைச் சோறு; தொட்டுக்கொள்ள கொள்ளுக் கடைசல், கீரைக் கடைசல், காராமணிக் குழம்பு, அவரைக்கொட்டைக் குழம்பு. ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கப்பட்ட இந்தத் தட்டில்தான் தானியமும் பயறும் கீரையும் சேர்ந்தே இருந்தன. இன்றைய தட்டில் மில்லில் தீட்டிய வெள்ளைச் சோறு மலையாகவும், குழம்பு நீராகவும், பொரியல் ஒரு கரண்டியாகவும் இருக்கிறது. கறி எடுக்காத நாளில் இந்த வெள்ளைச் சோறும் நீர்க்குழம்பும் சைவச் சாப்பாடு என்ற பெயரைப் பெற்றுவிடுகின்றன. அதில் சத்து என்று சொல்ல அதிகம் இல்லை.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. இரண்டு பெண்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் ஒருவருக்கு. நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-இல் தொடங்கப்பட்டது நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை வீடு தேடி வருவது நல்லது. தானியம் வீட்டுக்குள் வந்தும் அடுப்பு ஏறாமல் கிடப்பது எப்படி நல்லதாகும்?

100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு அரிசியில் 10 மில்லிகிராம் அளவுக்குத்தான். ஆனால் கேழ்வரகில் இருக்கும் சில பொருட்கள் அந்தச் சத்தை உடல் எடுத்துக்கொள்ள விடாமல் பிடித்து வைக்கும். முளைகட்டினாலோ புளிக்க வைத்தாலோ அந்தப் பிடி தளரும். இரவே மாவைக் கரைத்துப் புளிக்க விட்டு மறுநாள் கூழ் காய்ச்சிய நம் பாட்டிகளுக்கு இந்த வேதியியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. செய்முறை சரியாக இருந்தது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கேழ்வரகு என்றாலே சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை ஊரெங்கும் பரவியிருக்கிறது. தவறு. மாவை நைசாக அரைத்து, நீர்க்கக் காய்ச்சி, வெல்லம் போட்டுக் குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும். களியோ அடையோ அளவாக எடுத்து, அதைவிட அதிகமாகக் கீரையும் பயறும் சேர்ப்பதுதான் சரியான முறை.

மார்கழியின் பிதுக்குப் பருப்பு

இந்தப் பருவத்துக்கு இந்த மண்ணில் தனி ருசி இருக்கிறது. மார்கழி, தையில் பச்சை அவரையும் மொச்சையும் சந்தைக்கு வரும். கொட்டையை உரித்து இரவு ஊற வைத்து, மறுநாள் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து ஓர் அழுத்து. தோல் கையில் நிற்கும், பருப்பு குதித்துத் தட்டில் விழும். அதுதான் பிதுக்குப் பருப்பு. வெங்காயம், தக்காளி, கொஞ்சம் தேங்காய், தனியா அரைத்து ஊற்றிய அந்தக் குழம்பைச் சுடச்சுடக் களியோடு சாப்பிட்டவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

பிதுக்குப் பருப்பை ஒருத்தி தனியாக உட்கார்ந்து செய்தால் அது தண்டனை. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பிதுக்கினால் அரை மணி நேர வேலை. தாத்தா, பேரப்பிள்ளை, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் கைவைக்கக்கூடிய சமையல் இது. நாலு பேர் வட்டமாக உட்காருவதற்கு நடுவீட்டில் தரை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் விளையும் சாமையை அரிசி போலவே வடித்துச் சாப்பிடலாம். கிண்டுகிற வேலை இல்லை, அரைக்கிற வேலையும் இல்லை. களி கிண்ட நேரமில்லாதவர்கள் சாமையிலிருந்து தொடங்கலாம். வயலில் களையெடுக்கும்போது கூடவே பறித்து வந்த பண்ணைக்கீரையையும் தொய்யக்கீரையையும் இன்று களைக்கொல்லி அடித்துக் கருக்குகிறோம். பிறகு கடையில் காசு கொடுத்துக் கட்டுக்கீரை வாங்குகிறோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை நட்டுவிட்டால் கேழ்வரகு அடைக்குக் கீரை தேடி எங்கேயும் போக வேண்டாம். பிள்ளைகள் களியைத் தள்ளுவார்கள்; வெங்காயமும் முருங்கைக்கீரையும் போட்டுக் கல்லில் தட்டிய அடையைத் தள்ளுவதில்லை.

பாலக்கோடு தக்காளிச் சந்தையில் விலை விழும்போது கூடை கூடையாகச் சாலையோரம் கொட்டப்படுவதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த வாரங்களில் ஒரு கூடை வாங்கி, நறுக்கி, உப்புப் பிசிறி மாடியில் காய வைத்தால் ஆறு மாதத்துக்குத் தக்காளி வற்றல் இருக்கும். காய வைக்கும் இடத்தில் கிழிந்த தார்ப்பாயும் உடைந்த நாற்காலியும் கிடந்தால் அந்த வேலையும் நடக்காது.

அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியின் கதையை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். கீரையிலும் தானியத்திலும் இருக்கும் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள நெல்லியின் புளிப்பு உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ அதைத் தடுக்கும். மதியச் சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய். டீக்கு ஒரு மணி நேரம் கழித்துப் போகலாம்.

எந்தத் தண்ணீரில் சமைக்கிறோம்?

தருமபுரியில் சமையலைப் பற்றி எழுதும் எவரும் தண்ணீரைத் தாண்டிப் போக முடியாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் புளூரைடு அதிகமாக இருந்ததால் இந்த மாவட்டத்தில் பிள்ளைகளின் பல் கறை படிந்தது, பெரியவர்களின் மூட்டும் முதுகும் வளைந்தன. அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளூரைடு இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு.

பல வீடுகளில் ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்க மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, உலை வைப்பது போர் தண்ணீரில். ‘கொதிக்கத்தானே போகுது’ என்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளூரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறிவாகும். சோறும் களியும் பருப்பும் தண்ணீரை உறிஞ்சித்தான் வேகின்றன. குடிப்பதற்கு எந்தத் தண்ணீரோ உலைக்கும் அதுவே வேண்டும். பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் போர் தண்ணீர் போதும்.

தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் குடமும் டிரம்மும் பெருகுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணிப் பாருங்கள். ஓட்டை விழுந்த குடமும் வீட்டில்தான் இருக்கிறது, மூடி தொலைந்த டிரம்மும் வீட்டில்தான் இருக்கிறது. டெங்குக் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. நாம் சேர்த்து வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் காய்ந்தாலும் பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். வாரத்துக்கு ஒரு முறை டிரம்மைக் கவிழ்த்து, உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்கச் சொல்வது அதனால்தான். பின்கட்டில் கிடக்கும் பழைய டயர், தேங்காய்த் தொட்டி, உடைந்த சட்டி எல்லாம் மழை பெய்தால் கொசுவுக்குத் தொட்டில்கள்.

பரணில் என்ன இருக்கிறது

நம் மாவட்டத்துப் பரண்களை இறக்கிப் பார்த்தால் தமிழ்நாட்டின் கடந்த இருபது ஆண்டு அப்படியே இறங்கும். 2006-இல் தொடங்கிய திட்டத்தில் வந்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி, 2011-இல் தொடங்கிய திட்டத்தில் வந்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. அவை வந்த நாளில் எத்தனை வீடுகளில் வெளிச்சமும் ஓய்வும் வந்தன என்பதை நேரில் பார்த்தவன் நான். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் முன்னால் வளைந்து கிடந்த முதுகுகள் நிமிர்ந்தன. இன்று அவற்றில் பல ஓடுவதில்லை. சரி செய்ய ஆள் இல்லை, தூக்கிப் போட மனம் இல்லை.

மனம் வராததன் காரணம் எனக்குப் புரிகிறது. இல்லாமையில் வளர்ந்தவர்கள் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். என்றைக்காவது உதவும் என்பது பஞ்சம் பார்த்த மண்ணின் படிப்பு. அதைக் கேலி செய்கிறவர்கள் வானம் பார்த்த பூமியில் ஒரு கோடையைக் கழித்துப் பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் காலத்தில் அப்படிச் சேர்த்து வைத்தது குதிரில் தானியத்தை, உறியில் வெங்காயத்தை, பானையில் புளியை. பழைய சார்ஜரும் பிளாஸ்டிக் டப்பாவும் எந்தப் பஞ்சத்துக்கும் உதவாது.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டப்படும் வீட்டின் அளவு 360 சதுர அடி. அந்த வீட்டில் ஓடாத ஒரு கிரைண்டரும் சாய்த்து வைத்த ஒரு கட்டிலும் பிடித்துக்கொள்ளும் இடம், பிள்ளை உட்கார்ந்து படிக்க வேண்டிய இடம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களும், விடியலில் ஓசூர் கம்பெனி பஸ் பிடிக்கும் பெண்களும் களைத்து வந்து நுழைகிற வீடு அது. தவணைக்காரர் கொண்டுவந்து இறக்கும் அடுத்த பொருளுக்குக் கையெழுத்துப் போடும் முன், அதை எங்கே வைப்பது என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் பல கடன்கள் தவிரும்.

எதை முதலில் வெளியேற்றுவது என்று என்னைக் கேட்டால் பூச்சிமருந்தைச் சொல்வேன். பாதி தீர்ந்த மருந்து பாட்டில், எலி பேஸ்ட், களைக்கொல்லி டப்பா, இவற்றைச் சமையலறை அலமாரியிலும் பரணிலும் வைத்திருக்கும் வீடுகள் நிறைய. குழந்தைகளின் கைக்கு எட்டினாலும் ஆபத்து, மனம் உடைந்த ஒருவரின் கைக்கு எட்டினாலும் ஆபத்து. அவற்றின் இடம் வீட்டுக்கு வெளியே, பூட்டிய பெட்டியில். காலியான மருந்து டப்பாவைக் கழுவித் தண்ணீர் பிடிக்கவோ எண்ணெய் ஊற்றவோ கூடாது. காலாவதியான மாத்திரைகளும் வெளியேற வேண்டியவையே. பக்கத்து வீட்டுக்குக் காய்ச்சல் என்றால் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் போக வேண்டும்.

போகித் தீ

வெளியேற்றுவது என்றவுடன் நமக்குத் தெரிந்த ஒரே வழி போகி நெருப்பு. ஒரு காலத்தில் அதில் எரிந்தது பழைய பாய், துடைப்பம், கூரையில் இருந்து பிரித்த ஓலை. எல்லாம் மண்ணில் விளைந்தவை. சாம்பல் வயலுக்குப் போனது. இன்று எரிவது நைலான் புடவை, ரெக்சின் பை, செருப்பு, வயர், டயர். பிளாஸ்டிக் எரியும்போது வரும் நச்சுப் புகையில் டையாக்சின் போன்ற பொருட்கள் உண்டு. மார்கழிப் பனியில் அந்தப் புகை மேலே போகாமல் தெருவிலேயே தங்கும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும் வயதானவருக்கும் அந்த விடியல் மூச்சுத் திணறும் விடியல்.

பழைய தொலைக்காட்சியின் படக்குழாய்க் கண்ணாடியில் காரீயம் கலந்திருக்கிறது. அதை உடைத்துச் செம்புக் கம்பியை மட்டும் உருவிக்கொண்டு மீதியை ஓடையில் தள்ளினால் ஈயம் மண்ணுக்குப் போகிறது. ஏற்கெனவே புளூரைடால் அடிபட்ட நிலத்தடி நீருக்கு நம் கையால் இன்னொரு நஞ்சைக் கொடுக்க வேண்டுமா?

14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. ஆனால் வீட்டுக்குள் சேர்ந்துவிட்ட பழைய குப்பையைக் கிராமத்தில் யாரிடம் கொடுப்பது என்பதற்கு இன்னும் தெளிவான பதில் இல்லை. அன்றாடக் குப்பைக்குத் தூய்மைக் காவலர்கள் வருகிறார்கள். மெத்தைக்கும் டி.வி.க்கும் யார் வருவார்கள்? ‘ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவி வந்தவரின் இடத்தை இன்று பழைய இரும்பு வண்டிக்காரர் எடுத்திருக்கிறார். அவருக்கு இரும்பு வேண்டும், அட்டை வேண்டும். விலை போகாதது நம் தெருவிலேயே நின்றுவிடுகிறது.

யார் கையால்?

இந்தக் கட்டுரையைப் படிக்கும் பெண்கள் இந்நேரம் ஒன்றைக் கேட்டிருப்பார்கள். கல் பொறுக்குவது யார், களி கிண்டுவது யார், பரணில் ஏறுவது யார்? நியாயமான கேள்வி. பாரம்பரிய உணவைப் புகழும் எழுத்துகளில் பெரும்பாலானவை அந்தப் பாரம்பரியத்தைப் பெண்ணின் முதுகில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அரிசியும் குக்கரும் ஜெயித்ததற்கு ருசி காரணமல்ல. அவை பெண்ணுக்கு ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தன. அந்த ஒரு மணி நேரத்தை மறுபடி பறித்துக்கொண்டு கேழ்வரகைத் திரும்பக் கொண்டுவரும் திட்டம் எதுவும் நிலைக்காது. நிலைக்கவும் கூடாது.

களி கிண்டுவதற்குத் தோள் பலம் வேண்டும். வீட்டில் அது யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவர் கிண்டட்டும். கோயில் கூழுக்கு அண்டாவில் துடுப்புப் போடும் ஆண்கள், வீட்டுப் பானையில் போடுவதற்கு என்ன தயக்கம்? பரணை இறக்குவது ஞாயிற்றுக்கிழமை காலை ஆண்களும் பிள்ளைகளும் செய்யும் வேலையாகட்டும். பொங்கல் என்றால் பெண்ணுக்கு மட்டும் இடுப்பு ஒடியும் பண்டிகையாக இருப்பது இந்த வருடம் முதலே மாறலாம்.

என்ன செய்யலாம்

முதலில், ரேஷன் கேழ்வரகை மாவாகவும் கொடுக்க வேண்டும். முழுத் தானியம் வேண்டுவோர் தானியமாக வாங்கட்டும். மற்றவர்களுக்குச் சுத்தம் செய்து அரைத்த மாவு, மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும். மாவு அதிக நாள் தாங்காது என்பதால் மாவட்டத்துக்குள்ளேயே, ஒன்றியம் ஒன்றியமாக அரைப்பதுதான் சரி. அதற்கு ஆட்களைத் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாக முதன்முதலில் தொடங்கப்பட்டது 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, இதே தருமபுரி மாவட்டத்தில்தான். அந்தக் குழுக்களிடம் கல் நீக்கும் இயந்திரமும் அரைவை இயந்திரமும் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயித்தால் பெண்களுக்கு வருமானமும் ஆகும்.

இதில் விவசாயியின் பங்கும் இருக்கிறது. 2025–26 பருவத்துக்குக் கேழ்வரகின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். வீடுகளில் கேழ்வரகு அடுப்பேறினால்தான் அந்த விலைக்குத் தொடர்ந்து கொள்முதல் நடக்கும். மாட்டுத் தொட்டிக்குப் போகும் தானியத்துக்காக எந்த அரசும் நெடுநாள் பணம் செலவழிக்காது.

காலை உணவுத் திட்டத்திலும் அங்கன்வாடியிலும் வாரத்தில் இரண்டு நாளாவது உள்ளூர்ச் சாமையும் கேழ்வரகும் கட்டாயமாக வேண்டும். பள்ளியில் பிள்ளைக்குப் பழகிய ருசி வீட்டுக்கு வரும்.

ஒவ்வோர் ஊராட்சியும் போகிக்கு முந்தைய வாரத்தில் இரண்டு நாள் ‘பழைய பொருள் நாள்’ என்று அறிவிக்கலாம். மெத்தை, டயர், மின்கருவி, துணி என்று தனித்தனியாக ஓரிடத்தில் வாங்கி, மாவட்ட நிர்வாகத்தின் லாரியில் முறையான மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். அந்த நாட்களில் கூடுதலாக உழைக்கும் தூய்மைக் காவலர்களுக்குக் கூடுதல் கூலியும் கையுறையும் கொடுக்காமல் இதைத் தொடங்கக் கூடாது. இந்த வருடம் முடியாவிட்டால், பொங்கல் கழிந்து பத்துப் பதினொரு நாளில் வரும் குடியரசு நாள் கிராம சபையில் அடுத்த வருடத்துக்கான தீர்மானத்தைப் போட்டுவிடலாம்.

சீட்டில் எடுத்த அண்டாவும் அடுக்கும் சும்மா கிடக்கும் வீடுகள், அவற்றை ஊர்ப் பொதுவுக்குக் கொடுக்கலாம். மகளிர் குழு ஓர் அறையில் வைத்துக்கொண்டு, விசேஷத்துக்கு வேண்டுவோருக்குச் சிறு வாடகைக்குக் கொடுக்கட்டும். கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுக்கச் செய்யும் செலவும் மிஞ்சும்.

வீட்டில் செய்ய வேண்டியது இதைவிட எளிது. ஒரே நாளில் முழு வீட்டையும் புரட்ட வேண்டாம். பாதியில் அலுத்துப்போய் எல்லாம் பழைய இடத்துக்கே போய்விடும். இந்த ஞாயிறு அடுப்படி அலமாரியில் ஒரே ஒரு தட்டு. ஓடாததும் ஒரு வருடமாகத் தொடாததும் வெளியே. காலியான அந்தத் தட்டில் கேழ்வரகு மாவு, சாமை, கொள்ளு, காராமணி, நான்கு டப்பா. கைக்கு எட்டும் இடத்தில் துடுப்பு. அடுத்த ஞாயிறு பின்கட்டு. அதற்கடுத்தது பரண், போகிக்கு முன்னால்.

பிறகு வாரத்தில் இரண்டு இரவு மட்டும் களியோ அடையோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம்.

பச்சை மொச்சை சந்தைக்கு வந்துவிட்டது. மாசி பிறந்தால் கொட்டை முற்றிவிடும். பிதுக்குப் பருப்புக்கு அப்புறம் அடுத்த மார்கழி வரை காத்திருக்க வேண்டும்.